நங்கலும் லோயர் கேம்ப்பும்: மின்னாற்பகுப்பின் வரலாற்றில் கம்பம் பள்ளத்தாக்கு

இந்தியா விடுதலை பெற்ற பின் முதல் இருபது ஆண்டுகளில் எழுந்த நீர்மின் திட்டங்களுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், இன்று பசுமை ஹைட்ரஜன் என்ற பெயரில் பேசப்படும் தொழிலின் முன்கதை ஓரளவு தெளிவாகும். ஒன்று, பஞ்சாபில் சத்லெஜ் ஆற்றை நம்பி அமைந்த பக்ரா–நங்கல் தொகுதி. மற்றொன்று, இன்றைய தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் லோயர் கேம்ப்பில், 1958 முதல் 1965 வரை ஒவ்வொன்றாக இயக்கத்துக்கு வந்த நான்கு ஜெனரேட்டர்களைக் கொண்ட பெரியாறு நீர்மின் நிலையம். ஒவ்வொரு ஜெனரேட்டரும் 35 மெகாவாட் என்பதால் பெரியாற்றின் மொத்தத் திறன் 140 மெகாவாட். பிற்காலப் புதுப்பிப்பில் அது மேலும் கூடியது. நங்கலில் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கிய உர ஆலை, நீரை மின்சாரத்தால் பகுத்து மணிக்கு 25,000 கன மீட்டருக்கும் அதிகமான ஹைட்ரஜனை எடுக்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. அக்காலக் கலன்களில் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதைக் கணக்கில் கொண்டால், அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் 125 மெகாவாட்டுக்குக் குறையாமல் தேவைப்பட்டிருக்கும். ஆகவே லோயர் கேம்ப்பின் நான்கு ஜெனரேட்டர்களும் ஒருசேரச் சுழன்று தரக்கூடிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுமையாக விழுங்கக்கூடிய ஆலை ஒன்று, அதே ஆண்டுகளில், அதே நாட்டில், நீரைப் பகுத்துக்கொண்டிருந்தது. பெரியாற்று மின்சாரமோ ஒரு துளி நீரையும் பகுக்காமல் மதுரைச் சீமையின் பம்புசெட்டுகளுக்கும் நூற்பாலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது என்பதை ஆராயும்போது, எந்த மின்னாற்பகுப்பு முறை சிறந்தது என்ற இன்றைய விவாதத்துக்கும் விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது.

மின்னாற்பகுப்பு என்பது, நீருக்குள் இரண்டு மின்வாய்களை அமிழ்த்தி நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, எதிர்மின்வாயில் ஹைட்ரஜனையும் நேர்மின்வாயில் ஆக்சிஜனையும் தனித்தனியே பெறும் முறை. 1800-இல் வோல்ட்டாவின் மின்கல அடுக்கு பற்றிய செய்தி இங்கிலாந்தை எட்டிய சில வாரங்களுக்குள் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் இதைச் செய்து காட்டினர். செலுத்தும் மின்சாரத்துக்கும் கிடைக்கும் வாயுவுக்கும் உள்ள விகிதத்தை 1830களில் ஃபாரடே வரையறுத்தார். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பதால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தைக் கரைத்து, இரு வாயுக்களும் கலந்து வெடித்துவிடாதபடி இடையில் கல்நார்த் துணியைத் திரையாகக் கட்டி, நிக்கல் பூசிய இரும்புத் தகடுகளை மின்வாய்களாக வைத்தால் ஒரு கலன் தயாராகிவிடும். காரக் கரைசல் முறை என்று இன்று வழங்கப்படும் இது, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தொழிற்சாலைகளுக்குள் நுழைந்துவிட்டது. இதில் அரிய உலோகம் எதுவும் இல்லை. கலன்கள் பல பத்தாண்டுகள் உழைக்கும். தகடு தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். அதன் குறைகள் இரண்டு. தகட்டின் பரப்பளவோடு ஒப்பிட அது ஏற்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் ஆலைக்குப் பெரிய கூடம் வேண்டும். மின்சாரம் ஏறி இறங்குவதை அது விரும்புவதில்லை. மின்னோட்டம் முழு அளவில் கால் பங்குக்கும் கீழே இறங்கினால், உண்டாகும் ஆக்சிஜன் குறைந்துவிட, திரை வழியே கசியும் ஹைட்ரஜனின் விகிதம் அதில் கூடி, வெடிப்பு எல்லையான நான்கு விழுக்காட்டை நோக்கி நகரும். அதற்கு முன்பே ஆலையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தி நிறுத்தி இயக்கினாலோ, கலனுக்குள் எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம் மின்வாய்களை அரிக்கும்.

ஆகவே காரக் கரைசல் முறை தொடக்கத்திலிருந்தே நீர்மின்சாரத்தோடு பிணைந்து வளர்ந்தது. நார்வேயின் ரூக்கானில் 1920களின் இறுதியில் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் அமைத்த பெரும் மின்னாற்பகுப்பு ஆலையும், எகிப்தில் அஸ்வான் அணையின் மின்சாரத்தால் 1960-இல் இயங்கத் தொடங்கிய உர ஆலையும் ஒரே வார்ப்பில் எழுந்தவை. இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் மலிவான மின்சாரம், அதை வாங்க அருகில் வேறு ஆள் இல்லாத நிலை, ஹைட்ரஜனை நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கி உரம் செய்ய வேண்டிய தேவை ஆகிய மூன்றும் சேர்ந்த இடங்களில் மட்டுமே அது பிழைத்தது. நங்கலில் மூன்றும் இருந்தன. பக்ரா தொகுதியின் மின்சாரம் வரத் தொடங்கியபோது பஞ்சாபில் அதை முழுமையாக ஏற்கும் அளவுக்கு ஆலைகளோ கம்பிகளோ இல்லை. நாட்டுக்கோ உரம் அவசரமாகத் தேவைப்பட்டது. இத்தாலியின் டி நோரா நிறுவனத்தின் கலன்கள் அங்கு வரிசையாக நிறுவப்பட்டன. நீரைப் பகுக்கும்போது சாதாரண ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேற, எஞ்சும் நீரில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் செறிவடையும் என்ற இயல்பைப் பயன்படுத்தி, அணு உலைகளுக்கு வேண்டிய கனநீரை ஆண்டுக்கு 14 டன் அளவில் எடுக்கும் ஆலையும் 1962-இல் அதனுடன் இணைந்தது. இந்தியாவின் முதல் கனநீர் ஆலை அதுவே. உரத்துக்கான விலையோடு கனநீரின் மதிப்பும் சேர்ந்ததால்தான் அத்தனை மின்சாரத்தை நீரில் கொட்டுவது அரசுக்கு நியாயமாகப் பட்டது என்று சொல்வது மிகையாகாது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, அதன் மின்நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கிய காலத்தையொட்டி, 1936-இல் நிறுவப்பட்ட மேட்டூர் ரசாயன நிறுவனம் அணை மின்சாரத்தால் உப்புக் கரைசலைப் பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்தது. அங்கே ஹைட்ரஜன் உபபொருள்தான். எனினும் அணையடியில் மின்னாற்பகுப்பு என்ற எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று என்பதற்கு மேட்டூரே சான்று. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று எஸ். ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் பெரியாற்று ஜெனரேட்டர்கள் சுழல்வதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பக்கத்தில் வந்துவிட்டது. அறிவுக்கும் முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை. தடை வேறிடத்தில் இருந்தது.

அந்தத் தடையின் வேர் 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே கையெழுத்தான குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகையில் 8,000 ஏக்கரை 999 ஆண்டுகளுக்குச் சென்னை மாகாணத்துக்கு வழங்கிய அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் பொறியாளர் பென்னிகுவிக் பெரியாற்று அணையைக் கட்டினார். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அதைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழவேண்டிய பெரியாற்று நீர், ஒரு மைலுக்கும் அதிக நீளமுள்ள சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடும் முல்லையாற்றோடும் கலந்து வைகைக்கு வந்தது. மலையிலிருந்து ஆயிரம் அடிக்கும் மேலான சரிவில் நீர் சும்மா விழுவதைப் பார்த்த எந்தப் பொறியாளருக்கும் மின்சாரத்தின் நினைவு வராமல் போகாது. 1930களில் சென்னை அரசு அந்த எண்ணத்தைத் திட்டமாக்க முயன்றபோது, நீர் பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்டதே அன்றி மின் உற்பத்திக்காக அல்ல என்று திருவிதாங்கூர் ஆட்சேபித்தது. நடுவர்கள் இருவரும் ஒத்த முடிவுக்கு வர இயலாமல் வழக்கு மேல்நடுவரான நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் போனது. 1941 மே மாதம் அவர் அளித்த தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம் சாய்ந்தது: அந்த நீரைக் கொண்டு சென்னை மாகாணம் பாசனம் மட்டுமே செய்யலாம்.

இத்தீர்ப்பின் நுட்பம் கவனிக்கத்தக்கது. மின்நிலையத்தின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் நீர் அளவில் குறைவதில்லை. அதே நீர் அதே வயலுக்குத்தான் போகிறது. அப்படியிருந்தும், ஒரு நீரை எதற்காகப் பெற்றோமோ அதற்கு மேல் இன்னொரு பயனை அதிலிருந்து எடுப்பது தனி உரிமை என்பதே அங்கு நிலைபெற்ற கருத்து. விடுதலைக்குப் பின், 1950களில், இரு மாநிலங்களுக்கும் இடையே இணக்கம் ஏற்பட்ட பிறகே லோயர் கேம்ப் நிலையம் எழ முடிந்தது. திருவிதாங்கூரின் இடத்தில் வந்த கேரளத்துடன் 1970 மே 29 அன்று எழுதப்பட்ட துணை ஒப்பந்தம் அதை முறைப்படுத்தியது. நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின் உற்பத்திக்கென்று ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு, அதாவது 8,760 யூனிட்டுகளுக்கு, 12 ரூபாயும், ஆண்டு உற்பத்தி 35 கோடி யூனிட்டைத் தாண்டினால் மேலதிக அளவுக்கு 18 ரூபாயும் என்று தனிக் கட்டணம் குறிக்கப்பட்டது. 12 ரூபாயை ஒரு யூனிட்டுக்குக் கணக்கிட்டால் ஒரு காசின் ஏழில் ஒரு பங்குகூட வராத தொகை அது. தொகை அற்பம்தான்; ஆனால் உரிமை தனியே விலை பேசப்பட்டது என்பதே முக்கியம்.

சட்டத்தடை நீங்கிய பின்னும் லோயர் கேம்ப்பில் ஒரு நங்கல் எழாததற்குக் காரணம் பள்ளத்தாக்கின் பாசன ஒழுங்குதான். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையிலான 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும், அதற்குக் கீழே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் வழியே மதுரைப் பக்கத்து நிலங்களுக்கும் எப்போது நீர் தேவையோ அப்போதுதான் பெரியாற்று மதகு திறக்கும். வழக்கமாக ஜூனில் முதல் போகத்துக்குத் திறப்பு. கோடையில் குடிநீருக்கென்று ஓடும் சிறிதளவு. சக்கரம் சுழலும் வேகத்தை நிர்ணயிப்பது மின்வாரியத்தின் தேவையன்று, நாற்றங்காலின் தேவை. ஜெனரேட்டர்கள் ஏற்கும் அளவுக்கு மேல் நீர் திறக்கும் நாட்களில் எஞ்சியது இரைச்சல்பாலம் என்ற இடத்தின் வழியே வழிந்துபோகும். மார்ச், ஏப்ரலில் ஒரு ஜெனரேட்டருக்குப் போதுமான நீர் வருவதே பெரிதாகிவிடும். கால் பங்குக்குக் கீழே இறங்க மறுக்கும் காரக் கலன்களை இப்படிப்பட்ட மின்சாரத்தோடு கட்டியிருந்தால், ஆண்டில் பல மாதங்கள் அவை துருவேறிக் கிடந்திருக்கும். மின்வெட்டு வழக்கமாகிவிட்ட அன்றைய சென்னை மாநிலத்தில், கிணற்று மோட்டாருக்கு இணைப்புக் கேட்டு உழவர்கள் வரிசையில் நின்றபோது, 140 மெகாவாட்டை நீரைப் பகுக்கக் கொடுக்க எந்த அரசும் துணிந்திருக்காது. நங்கலின் பிற்கால வரலாறு இதை உறுதிப்படுத்துகிறது. 1970களில் பஞ்சாபின் கிணறுகளும் ஆலைகளும் மின்சாரத்தைக் கேட்கத் தொடங்கியதும் உர ஆலைக்கான மின் ஒதுக்கீடு சுருங்கியது. ஆலை எரிஎண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முறைக்கு மாறியது. மின்சாரத்தை வாங்க வேறு ஆள் வந்தவுடன் மின்னாற்பகுப்பு தோற்றது. நங்கல் மூடத்தனம், லோயர் கேம்ப் விவேகம் என்று இதிலிருந்து முடிவுகட்டத் தேவையில்லை. முன்னது தன் பத்தாண்டில் சரியாகவே இருந்தது.

இதற்கிடையில் மின்னாற்பகுப்பு வேறொரு திசையில் கிளைத்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1950களில், ஹைட்ரஜன் அயனியான புரோட்டானை மட்டும் கடத்தவிடும் நெகிழிச் சவ்வைக் கொண்டு எரிகலம் அமைத்தது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் அந்தக் கலம் 1965-இல் ஜெமினி விண்கலங்களில் பறந்தது. அதையே தலைகீழாக இயக்கினால் மின்சாரம் கொடுத்து வாயுவைப் பெறலாம் என்பதால், 1966-ஐ ஒட்டி புரோட்டான் சவ்வு முறையிலான மின்னாற்பகுப்புக் கலன் பிறந்தது. கார நீருக்குப் பதில் தூய நீர், கல்நார்த் திரைக்குப் பதில் தலைமுடி அளவு தடிப்புள்ள சவ்வு, அதன் இருபுறமும் ஒட்டிய வினையூக்கி என்பதே இதன் அமைப்பு. காரக் கலனைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை அதே பரப்பில் ஏற்கும். பத்தில் ஒரு பங்கு மின்சாரத்திலும் இயங்கும். ஏற்ற இறக்கங்களை நொடிகளில் பின்தொடரும். ஆனால் நேர்மின்வாய்ப் பக்கம் நிலவும் கடும் அமிலத்தன்மையைத் தாங்க டைட்டானியத் தகடுகளும், வினையூக்கியாக இரிடியமும் வேண்டும். இரிடியம் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏழெட்டு டன் அளவே கிடைப்பது; அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவது. மூன்றாவதான திண்ம ஆக்சைடு முறை, 1980களில் மேற்கு ஜெர்மனியில் முதல்முறையாக விரிவாகச் சோதிக்கப்பட்டது; அது திரவ நீரை விட்டு, 700 முதல் 850 பாகை வெப்பத்தில் நீராவியைப் பீங்கான் படலத்தின் ஊடே பகுக்கிறது. ஆவியாக்கும் வெப்பத்தை வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மற்றவை 50 முதல் 55 யூனிட் கேட்கும் இடத்தில் இது 40-ஐ ஒட்டிய அளவோடு நின்றுவிடும். ஆனால் அணைத்து அணைத்து எரிக்கும் அடுப்பாக அதை நடத்தினால் பீங்கான் விரிசல் விடும். நான்காவதாக, காரச் சூழலிலேயே இயங்கும் எதிரயனிச் சவ்வு முறை நிக்கலின் மலிவையும் சவ்வின் வேகத்தையும் ஒன்றாகத் தர முயல்கிறது. 2022 ஏப்ரலில் அசாமின் ஜோர்ஹாட்டில் ஆயில் இந்தியா நிறுவனம் நாளொன்றுக்கு 10 கிலோ அளவில் தொடங்கிய சோதனை ஆலை இவ்வகையினது. சவ்வின் ஆயுள் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதால் இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு இந்த ஒப்பீட்டுக்குள் மீண்டும் வருவது காற்றின் மூலம். தமிழ்நாட்டின் காற்றாலைகள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நான்கு கணவாய்களை நம்பியவை: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். முப்பந்தலில் 1980களிலேயே தொடங்கிய காற்றாலைத் தொழில் பின்னர் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி, கண்டமனூர் வட்டாரங்களுக்கும் பரவ, அந்த மின்சாரத்தை ஏற்றி அனுப்பத் தப்பகுண்டில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் அமைந்தது. காற்றும் மழையும் ஒரே பருவத்தின் பிள்ளைகள் என்பதுதான் இங்குள்ள சிக்கல். தென்மேற்குப் பருவம் வலுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் வேகமாகச் சுழலும். பெரியாற்று அணை நிரம்பி லோயர் கேம்ப் ஓடுவதும் அதே மாதங்களில்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டும் ஒருசேர அடங்கும். அப்போது மிஞ்சுவது பகலில் மட்டும் கிடைக்கும் சூரிய மின்சாரம். சீரான ஓட்டத்தை விரும்பும் காரக் கலனுக்கு இந்தப் பள்ளத்தாக்கு 1960களிலும் ஏற்றதாக இல்லை. இன்றும் தனித்து ஏற்றதாக இல்லை. மின்தொகுப்பின் துணையோடு ஓட்டினால் ஓடும். அப்போது வாங்கும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி வரும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெளியாகக் கூடாது என்று இந்திய அரசு 2023 ஆகஸ்டில் விதித்த வரம்பு அப்படிப்பட்ட மின்சாரத்தால் எளிதில் மீறப்படும். காற்றோடு நேரடியாகக் கட்டுவதற்குப் புரோட்டான் சவ்வே இயல்பான துணை. இரிடியத்தின் விலைதான் அதன் தடை. திண்ம ஆக்சைடு முறைக்கு வைகை அணைப் பக்கத்துச் சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கை நீராவி பொருந்தும் என்று தோன்றினாலும், அரவைப் பருவம் முடிந்தால் அந்த நீராவியும் முடிந்துவிடும்.

நீரைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு ஜெனரேட்டர்களும் முழுத் திறனில் ஓட நொடிக்கு ஏறத்தாழ 1,600 கன அடி, அதாவது 45,000 லிட்டர் நீர் மலையிலிருந்து விழவேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 55 யூனிட் என்று கொண்டால், அதற்கான மின்சாரத்தைப் பெரியாறு ஒன்றரை நொடிக்கும் குறைவான நேரத்தில் தந்துவிடும். அதற்குள் விழுந்திருக்கும் நீர் 64,000 லிட்டர் இருக்கும். அந்த ஒரு கிலோவுக்காக உண்மையில் பகுபடும் நீரோ 9 லிட்டர். சுத்திகரிப்பில் கழிவதையும் குளிர்விக்கத் தேவையானதையும் சேர்த்தால் 20 முதல் 30 லிட்டர். வயலுக்குப் போகும் ஆற்றின் அளவில் இது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. ஆயினும் அளவு குறையாத நீருக்கே 1941-இல் உரிமைகோரல் எழுந்து தீர்ப்பு எதிராகப் போன இடம் இது. அதே அளவுகோலால் பார்த்தால், பாசனத்துக்கும் பின்னர் மின்சாரத்துக்கும் விலை பேசப்பட்ட நீரிலிருந்து வணிக எரிபொருள் எடுப்பது மூன்றாவதொரு பயனாகிவிடும். அணையின் நீர்மட்டம் பற்றியே பல்லாண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடிய இரு மாநிலங்களுக்கு இடையே அது இன்னொரு வழக்கைத் திறந்துவிடாது என்று நம்ப இடமில்லை.

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்த பின், தமிழ்நாட்டில் அந்தத் தொழிலின் பார்வை திரும்பியது தூத்துக்குடியின் பக்கம். வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் திறனுள்ள சிறு சோதனை ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நங்கலின் அளவோடு வைத்துப் பார்த்தால் அது இரண்டாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இருந்தாலும் இடத்தேர்வு சரியானது. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும் என்பதால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேண்டிய நீரைச் சுத்திகரிக்க ஆகும் மின்சாரம் அதன் 55 யூனிட்டில் நானூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. அம்மோனியாவாக்கிக் கப்பலேற்றும் வசதியும் அங்கேதான் இருக்கிறது. கம்பம் கணவாயின் காற்று மின்சாரத்தைத் தப்பகுண்டிலிருந்து கம்பி வழியே கடற்கரைக்கு அனுப்பி, புரோட்டான் சவ்வுக் கலன்களையும் காரக் கலன்களையும் அங்கே கலந்து நிறுவி, பெரியாற்று நீரை நெல்லுக்கும் குடிநீருக்கும் விட்டுவிடுவதே பொறியியலும் சட்டமும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு.